கொரியாவில் எல்லோரும் நர்சிங் மாணவியையே அளக்கிறார்கள்

கொரிய நர்சிங் ஆய்விதழ்களைக் கொஞ்ச காலம் தொடர்ந்து வாசித்தால், ஒரு கட்டுரையின் முதல் வரியைப் பார்த்ததுமே மீதியைச் சொல்லிவிடலாம். நர்சிங் மாணவ மாணவியர் 200 சொச்சம் பேர். படிப்பது ஒரே வட்டாரத்தின் இரண்டு மூன்று கல்லூரிகளில். கையில் ஒரு கேள்வித்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ‘அறவே இல்லை’ தொடங்கி ‘முழுக்க ஆம்’ வரை ஐந்து கட்டங்கள். இத்தனை பேர் போதுமா என்று ஜி-பவர் மென்பொருள் சொல்லியிருக்கும். பிறகு எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் டி-டெஸ்ட், அனோவா, பியர்சன் என்று கணக்குகள், கடைசியில் எது எதோடு எவ்வளவு சேர்ந்து போகிறது என்று கணிக்கும் ரிக்ரெஷன். மீள்திறன், அதாவது அடிபட்டாலும் மீண்டெழும் திறன், கூடினால் மன அழுத்தம் குறைகிறது. தன்னம்பிக்கை கூடினால் க்ளினிக்கல் போஸ்டிங் எனும் மருத்துவமனைப் பயிற்சியில் திருப்தி கூடுகிறது. ஆகவே மீள்திறனை வளர்க்க ஒரு பயிற்சித் திட்டம் தேவை. முற்றும்.

இதைக் கேலி செய்கிற தகுதி நமக்கு இல்லை. ‘திட்டமிட்ட போதனையின் பயன்’ என்று தலைப்பு வைக்காத எம்.எஸ்சி. நர்சிங் தீசிஸை நம்மூர் கல்லூரி நூலகங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் பி.எஸ்சி. நர்சிங் மாணவிகளுக்கு ஆராய்ச்சிப் பாடம் எடுக்கிறேன். வகுப்புக்கு உதாரணம் வேண்டும் என்றால் கொரியாதான் கைகொடுக்கும். அவர்களுடைய இதழ்களில் பல காசில்லாமல் இணையத்தில் திறக்கும். கட்டுரை கொரிய மொழியில் இருந்தாலும் சுருக்கமும் அட்டவணைகளும் ஆங்கிலத்தில் இருக்கும். எந்த அளவுகோல், எத்தனை கேள்வி, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா எவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள். ஒழுங்கென்றால் அப்படி ஓர் ஒழுங்கு. வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் வலுத்துக்கொண்டே போகிறது. இத்தனை கவனமாக அளக்கிறார்களே, யாரை அளக்க வேண்டுமோ அவரைத்தான் அளக்கிறார்களா?

இதற்குப் பதில் சொல்ல அந்த நாட்டில் நர்சிங் படிப்பு வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கதை எனக்குப் பிடித்தமானது என்பதும் ஒரு காரணம்.

1887இல் மெட்டா ஹோவர்ட் என்ற மெதடிஸ்ட் மிஷன் டாக்டர் சியோலின் சோங்தோங் பகுதியில் பெண்களுக்கு மட்டுமான மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். பெயர் பொகு யோக்வான். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று பெண்களை வளர்த்திருந்த காலம் அது. அங்கே 1903இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்ற மார்கரெட் எட்மண்ட்ஸ் கொரியாவின் முதல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். 1908இல் இரண்டு பேர் படிப்பை முடித்தார்கள்: யி கிரேஸ், கிம் மார்த்தா. கிரேஸ் ஒரு வீட்டு அடிமைப் பெண். காலில் நோய் வந்ததும் எஜமானர்கள் கைவிட்டுவிட, சிகிச்சைக்கு அங்கே வந்து சேர்ந்தவர். மார்த்தா கணவனின் வெறியாட்டத்தில் மூக்கிலும் கையிலும் வெட்டுப்பட்டு வந்தவர். இருவருமே முதலில் அந்த மருத்துவமனையின் நோயாளிகள். உடல் தேறியவர்கள் திரும்பிப் போக இடமில்லாமல் அங்கேயே வேலைக்கு நின்று, வேலையைக் கற்று, நாட்டின் முதல் பட்டயம் பெற்ற நர்சுகள் ஆனார்கள். நல்ல குடும்பத்துப் பெண் எவளும் அந்நியர் உடம்பைத் தொடும் வேலைக்கு வரமாட்டாள் என்ற நிலையில், வேறு யார் வந்திருக்க முடியும்?

செவரன்ஸ் மருத்துவமனையில் எஸ்தர் ஷீல்ட்ஸ் 1906இல் இன்னொரு பள்ளியைத் தொடங்கினார். 1910இல் அங்கே முதலாவதாகத் தேறிய கிம் பே-சே, மேற்கத்திய மருத்துவம் படித்த முதல் கொரியப் பெண் டாக்டரான எஸ்தர் பார்க்கின் தங்கை. அக்காள் டாக்டர், தங்கை நர்ஸ். பிறகு ஜப்பானியர் ஆட்சி. அதன் நடுவே 1923இல் எலிசபெத் ஷெப்பிங் என்ற ஜெர்மனியில் பிறந்த அமெரிக்க மிஷனரி நர்ஸ் கொரிய நர்சுகளுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார். கொரிய மொழியில் நர்சிங் பாடநூலும் எழுதினார். 1934இல் குவாங்ஜுவில் இறந்தபோது, கையில் இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்து முடித்திருந்த அவரிடம் சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்றைய கொரிய நர்சுகள் சங்கம் தன் வயதை அந்த 1923இலிருந்துதான் எண்ணுகிறது.

கொரியப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1955இல், ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழகம் நான்காண்டு நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கியது. சியோல் பாதி இடிபாடாகக் கிடந்த நேரம். மருத்துவமனைக் கட்டிலுக்கே பஞ்சம், பட்டதாரி நர்ஸ் எதற்கு என்று யாரும் கேட்டிருக்கலாம். (நம் பக்கம் வேலூரிலும் டெல்லியிலும் 1946லேயே பி.எஸ்சி. வந்துவிட்டது. ஆனால் ஓட்டத்தில் யார் எங்கே போய் நிற்கிறார்கள் என்பது வேறு கதை.) 1970இல் நர்சிங் ஆய்வாளர்களுக்கென்று தனிக் கழகமும் இதழும் வந்தன. 1978இல் யோன்செய் பல்கலைக்கழகம் நர்சிங்கில் டாக்டர் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 2007இல் ஆங்கிலத்தில் ‘ஏஷியன் நர்சிங் ரிசர்ச்’ இதழ். நோயாளியாக வந்தவர்களை வைத்துத் தொடங்கிய ஒரு தொழில், எழுபதே ஆண்டில் டாக்டர் பட்டம் வரை ஏறியது.

இந்த ஏற்றத்துக்கு ஒரு விலை உண்டு. டாக்டர் பட்டம் வாங்கியவர் பேராசிரியர் ஆக வேண்டும். பேராசிரியர் ஆகவும், ஆன பின் பதவியில் உயரவும், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள இதழ்களில் கட்டுரை வர வேண்டும். கல்லூரிகளும் பெருகின. 2011இல் சட்டம் திருத்தப்பட்டு, மூன்றாண்டுப் பட்டயம் கொடுத்துக்கொண்டிருந்த கல்லூரிகளும் நான்காண்டுப் பட்டத்துக்கு மாறத் தொடங்கின. இன்று ஏறத்தாழ 200 இடங்களில் நர்சிங் பட்டப்படிப்பு இருக்கிறது. 2008ஐ ஒட்டி 12,000க்கும் குறைவாக இருந்த ஆண்டு இடங்கள், 2025 சேர்க்கைக்கு 24,000ஐத் தாண்டிவிட்டன. இவ்வளவு பேருக்கும் ஆசிரியர் வேண்டும். ஆசிரியருக்குக் கட்டுரை வேண்டும். கட்டுரைக்கு ஆள் வேண்டும்.

மருத்துவமனை நோயாளியிடம் போக வேண்டுமானால் மருத்துவமனையின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் அனுமதி, வார்டு பொறுப்பாளரின் தயவு எல்லாம் வேண்டும். ஸ்டாஃப் நர்ஸிடம் போனால் அவளுக்கு உட்கார்ந்து பேனா பிடிக்க நேரமில்லை. எதிரே, வகுப்பறையில், வரிசையாக, சொன்னால் கேட்கும் 80 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு எங்கே போகத் தோன்றும்?

நானும் அந்த வரிசையில் உட்கார்ந்தவள்தான். நான் படித்த காலத்தில் மேடம் கட்டுக்கட்டாகத் தாள்களைக் கொண்டுவருவார். ‘சும்மா டிக் பண்ணிக் கொடுங்கம்மா’ என்பார். இன்டர்னல் மார்க் அவர் கையில். யார் மறுப்பார்கள்?

கொரியர்கள் இந்த இடத்தில் நம்மைவிட ஒரு படி மேலே போய்விட்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2013 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உயிரியல் நெறிமுறைச் சட்டத் திருத்தம், மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளை, கேள்வித்தாள் ஆய்வுகள் உட்பட, நெறிமுறைக் குழுவின் கண்ணுக்குள் கொண்டுவந்தது. ஆசிரியரின் ஆய்வில் மாணவி பங்கேற்பது எளிதில் வற்புறுத்தப்படக்கூடிய நிலை என்று குழுக்கள் பார்க்கின்றன. அதனால் இப்போதைய கட்டுரைகளில் ஒரு பத்தி தவறாமல் இருக்கும்: பாடம் எடுக்கும் ஆசிரியர் தாளைக் கொடுக்கவில்லை, உதவியாளர் கொடுத்தார், விலகினால் மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை என்று விளக்கப்பட்டது, நிரப்பியவருக்குச் சிறு அன்பளிப்பு. பெரும்பாலும் போனுக்கு வரும் ஒரு காபிக் கூப்பன். சட்டம் மாணவியின் சம்மதத்தைக் காப்பாற்றியது. அவளையே ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்ற கேள்வியைச் சட்டம் கேட்காது.

சரி, அவளிடம் என்ன கேட்கிறார்கள்? அதிகம் கேட்பது க்ளினிக்கல் போஸ்டிங் மன அழுத்தம் பற்றி. கொரியாவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் குறைந்தது 1,000 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி உண்டு. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவருக்கே தேசிய உரிமத் தேர்வு எழுத அனுமதி என்று சட்டம் வந்த பிறகு இந்த 1,000 மணி நேரம் கல்வெட்டு ஆகிவிட்டது. ஆனால் அந்த மணி நேரங்களில் மாணவி என்ன செய்கிறாள்? பெரும்பாலும் பார்க்கிறாள். நோயாளி உரிமை, வழக்கு பயம், வார்டின் அவசரம் எல்லாம் சேர்ந்து ஊசியையும் கேனுலாவையும் அவள் கைக்கு எட்டாமல் வைத்திருக்கின்றன. இரத்த அழுத்தம் எடுக்கலாம், சர்க்கரை பார்க்கலாம், சக்கர நாற்காலி தள்ளலாம். மிச்ச நேரம் நர்ஸ் ஸ்டேஷனின் ஓரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நிற்கப் பழகலாம். இதனால்தான் சிமுலேஷன் ஆய்வகங்கள் அங்கே அவ்வளவு வேகமாகப் பெருகின. மூச்சு விடும், நாடி துடிக்கும், சாகவும் செய்யும் பொம்மைகள். ஊசி குத்தினால் வழக்குப் போடாத ஒரே நோயாளி.

மன அழுத்தத்தை அளக்க கொரிய ஆய்வுகள் பரவலாக எடுத்தாளும் ஒரு அளவுகோல், பெக்கும் ஸ்ரீவாஸ்தவாவும் 1991இல் வட அமெரிக்காவில் வெளியிட்டதைக் கொரியச் சூழலுக்கு மாற்றியது. 24 கேள்விகள், ஐந்து பிரிவுகள்: பயிற்சிச் சூழல், விரும்பத்தகாத முன்மாதிரிகள், வேலைச்சுமை, மனிதர்களோடு உரசல், நோயாளிகளோடு உரசல். இந்த ஐந்தையும் ஒரு முறை திரும்ப வாசியுங்கள். ஒன்றாவது மாணவியின் மனத்துக்குள் இருக்கிறதா? எல்லாம் வார்டில் இருக்கிறது. பல ஆய்வுகளில் அதிக மதிப்பெண் வாங்குவது ‘விரும்பத்தகாத முன்மாதிரி’. அதாவது நோயாளியிடம் எரிந்து விழும், மாணவியைக் கண்டுகொள்ளாத, புத்தகத்தில் சொன்னதற்கு எதிராகச் செய்யும் சீனியர் நர்ஸ். மாணவி தெளிவாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு ஆய்வாளர் ரிக்ரெஷனுக்குள் போகிறார். வெளியே வரும்போது முடிவு மாணவியின் மீள்திறன், மாணவியின் உணர்வு நுண்ணறிவு, மாணவியின் தன்னம்பிக்கை என்று மாறியிருக்கிறது. அடுப்பு எவ்வளவு எரிகிறது என்று பானையிடம் கேட்டுவிட்டு, பானையின் பொறுமையை வளர்க்கப் பயிற்சி கொடுப்பது மாதிரி.

சிந்தனைத் திறனை அளப்பது இன்னொரு பெரிய வயல். ‘நான் ஆதாரம் பார்த்தே முடிவெடுப்பேன்’ என்பது போன்ற வாக்கியங்களுக்கு மாணவி தனக்குத்தானே மதிப்பெண் போடுவாள். நன்றாகச் சிந்திப்பவளுக்குத் தன் ஓட்டைகள் தெரியும், குறைத்துப் போடுவாள். சிந்திக்காதவள் ஐந்துக்கு ஐந்து போடுவாள். இதன் மேல் எத்தனை ரிக்ரெஷன் ஓட்டினாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஆண் மாணவர்கள் பற்றிய ஆய்வுகள் சற்றுத் தேவலை. 1962இல் முதல் ஆண் நர்ஸ் உரிமம் பெற்றார். 2017இல் புதிதாக உரிமம் பெறுகிறவர்களில் ஆண்கள் 10 சதவீதத்தைத் தாண்டினர். மகப்பேறு வார்டில் அவர்களைத் திரைக்கு வெளியே நிற்க வைப்பதைப் பற்றி நேர்முகங்கள் வழியாக எழுதப்பட்டவற்றில் மனிதக் குரல் கேட்கிறது.

இப்போது மாணவி பட்டம் வாங்கி வெளியே வருகிறாள். ஜனவரியில் தேசியத் தேர்வு; எட்டுப் பாடம், 295 கேள்வி. எழுதியவர்களில் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். சியோலின் பெரிய மருத்துவமனைகள் தேவைக்கு மேல் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, கூப்பிடும்போது வா என்று மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் காக்க வைக்கும். காத்திருக்கும் அவர்களுக்கு ‘காத்திருப்பு நர்ஸ்’ என்றே பெயர். ஏன் அவ்வளவு பேரை எடுத்து வைக்கிறார்கள்? ஏனென்றால் உள்ளே இருப்பவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் வேலையை விடுவோர் விகிதம் சமீப ஆண்டுகளில் பாதியைத் தாண்டிவிட்டது. முன்னறிவிப்பின்றி ஒரு நாள் காலையில் வராமல் போவதற்கு ‘அவசர ராஜினாமா’ என்று வார்டில் சொல்கிறார்கள். நாட்டில் நர்ஸ் உரிமம் வைத்திருப்பவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். மருத்துவமனைகளில் வேலை செய்வோர் அதில் ஏறத்தாழ பாதி.

புதியவளை ஒரு சீனியர் கையில் ஒப்படைப்பார்கள். அந்தச் சீனியருக்குத் தன் நோயாளிகளும் குறையாது. கற்றுக்கொடுப்பது கூடுதல் வேலை. டே, ஈவினிங், நைட் என்று மூன்று ஷிஃப்ட். ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரங்களை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் ஒரு எண் தப்பினால் எல்லோர் முன்னாலும் வறுத்தெடுப்பு. இந்த வறுத்தெடுப்புக்கு அங்கே ‘தே-உம்’ என்று பெயர். எரிப்பது என்று பொருள். ஆளைச் சாம்பலாகும் வரை. 2018 பிப்ரவரியில் சியோலின் பெரிய மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் கூட ஆகாத இளம் நர்ஸ் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அதை வேலையால் நேர்ந்த இறப்பாகத் தொழிலாளர் நல வாரியம் ஏற்றது. அதிக வேலை, போதிய பயிற்சி இல்லாமை என்று காரணங்களைப் பேச வேண்டியதாயிற்று. 2019 ஜூலையில் பணியிடத் துன்புறுத்தலைத் தடை செய்யும் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்தது. நர்சுகளின் மரணங்கள் மட்டுமே அதற்குக் காரணமில்லை, ஆனால் அவற்றைத் தவிர்த்துவிட்டு அந்தச் சட்டத்தின் கதையைச் சொல்ல முடியாது.

இதற்குப் பிறகு தே-உம் பற்றி ஆய்வுகள் குவிந்தன. இறுதியாண்டு மாணவிகளிடமும் தாள் போனது. வேலைக்குப் போகும் முன்பே அவர்கள் பயப்படுகிறார்களா, எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொரிய மருத்துவச் சட்ட விதிகளில் 1960களில் எழுதப்பட்ட அளவு ஒன்று உண்டு: உள்நோயாளிகள் 5 பேருக்கு நர்ஸ் 2 பேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 50 படுக்கை வார்டுக்கு 20 நர்ஸ். வார விடுப்பு, மற்ற விடுப்பு போக ஒரு நாளில் வேலையில் இருப்பவர்கள் 13 பேர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஷிஃப்டுக்குப் பிரித்தால் ஷிஃப்டுக்கு நாலு பேர். ஒருத்திக்கு 12 நோயாளி. கலிஃபோர்னியாவில் பொது வார்டுக்குச் சட்ட வரம்பு 5. கொரியாவில் இந்தச் சட்ட அளவைக்கூட எட்டாத மருத்துவமனைகள் ஏராளம். எட்டாததற்குத் தண்டனை பெயரளவுதான். நர்சுகள் அதிகமுள்ள மருத்துவமனைக்குக் காப்பீட்டுப் பணம் கூடக் கிடைக்கும் என்ற தரவரிசை முறை 1999இல் வந்தது. சியோலில் அது வேலை செய்தது. சின்ன ஊர் மருத்துவமனைகள் கிடைக்கிற கூடுதல் பணத்தைவிட நர்ஸ் சம்பளம் அதிகம் என்று கணக்குப் பார்த்து ஒதுங்கிக்கொண்டன.

இந்தப் பக்கத்தை அளந்த கொரிய நர்சிங் ஆய்வும் இருக்கிறது. என் வகுப்பில் நான் முழுதாக எடுத்து நடத்துவது அதைத்தான். யோன்செய் பல்கலையின் சோ உன்-ஹீயும் பென்சில்வேனியாவின் லிண்டா எய்க்கன் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்டது. 14 உயர்தொழில்நுட்பப் போதனா மருத்துவமனைகள், 1,024 நர்சுகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 76,036 நோயாளிகள். ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் கூடுகிறது. பட்டதாரி நர்சுகளின் பங்கு 10 சதவீதம் கூடினால் அது 9 சதவீதம் குறைகிறது. நல்ல வேலைச் சூழல் உள்ள மருத்துவமனைகளில் இன்னும் நன்றாகவே குறைவு.

இந்த ஆய்வில் மீள்திறன் இல்லை, உணர்வு நுண்ணறிவு இல்லை. நர்ஸ் எண்ணிக்கை, அவள் படிப்பு, அவள் நிற்கும் இடம், நோயாளி பிழைத்தாரா இல்லையா, அவ்வளவுதான். நான்காண்டுப் பட்டத்துக்காகக் கொரியா அரை நூற்றாண்டாகக் கொடுத்த உழைப்பு வீண் போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எதைக் காட்டுவது? மாணவியை அளந்த ஆயிரம் தாள்களை விட மாணவியாகப் படித்ததன் பயனை இது ஒன்றே சொல்கிறது. ஆனால் இதைச் செய்யக் காப்பீட்டுத் தரவு வேண்டும், 14 மருத்துவமனைகளின் கதவு திறக்க வேண்டும், ஆண்டுகள் ஆக வேண்டும். பதவி உயர்வுக்கு இந்த டிசம்பருக்குள் கட்டுரை வேண்டும் என்பவருக்கு அது நடக்காது.

நர்சிங் ஆய்வு கொரியாவில் மக்கள் பக்கம் திரும்பிய நேரங்களும் உண்டு. அவற்றை நான் விரும்பி வாசிப்பேன். ‘ஹ்வா-ப்யோங்’ என்று ஒன்று: ஆண்டுக்கணக்கில் அடக்கிய கோபம் நெஞ்சில் கட்டியாக அடைத்து, உடம்பெல்லாம் அனலாக ஏறும் நிலை. மாமியார் வீட்டில் வாயைத் திறக்காமல் காலம் தள்ளிய நடுவயதுப் பெண்களிடம் அதிகம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1994 பதிப்பில் அதைப் பண்பாட்டோடு பிணைந்த நோயாகக் குறித்தது. கொரிய நர்சுகள் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். ‘சான்ஹு-சோரி’ என்ற பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான பராமரிப்பு இன்னொன்று. 21 நாள் குளிர் படக்கூடாது, கடல்பாசி சூப் குடிக்க வேண்டும், உடம்பைச் சூடாக வைக்க வேண்டும். பத்தியமும் பிள்ளைபெற்ற உடம்புக்கான காப்பும் தெரிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்கத்தியப் பாடப் புத்தகமோ பிரசவத் தையல் மேல் ஐஸ் பொட்டலம் வை என்கிறது. பிள்ளை பெற்றவள் நடுங்குகிறாள், அவள் அம்மா நர்ஸை முறைக்கிறாள். இந்த உரசலை எடுத்து, தாய்மார் நம்பிக்கையையும் மதித்து எப்படிப் பராமரிப்பது என்று கேட்டவர்கள் நர்சிங் ஆய்வாளர்கள்.

1980இல் வந்த கிராமப்புறச் சுகாதாரச் சட்டம் மற்றொரு உயரம். டாக்டர் போகாத குக்கிராமங்களுக்கு ஆறு மாதப் பயிற்சி பெற்ற நர்சுகளை அனுப்பி, சாதாரண நோய்களுக்கு அவர்களே மருந்து கொடுக்கலாம் என்றது. அந்தத் தலைமுறையின் முன்னணியில் நின்றவர் கிம் மோ-இம். உலக நர்சுகள் கவுன்சிலின் தலைவராக 1989 முதல் 1993 வரை இருந்தார், 1998இல் நாட்டின் சுகாதார அமைச்சரானார். மனத்தை அளந்து போன பாதை அல்ல அது.

2015இல் மெர்ஸ் என்ற சுவாசத் தொற்று வந்தது. 186 பேருக்குத் தொற்று, 38 பேர் இறப்பு. தொற்றியவர்களில் கணிசமானோர் நோயாளியின் பக்கத்தில் இருந்த உறவினர்களும் பார்க்க வந்தவர்களும். கொரிய மருத்துவமனையில் நோயாளியின் உடம்பைத் துடைப்பதும் ஊட்டுவதும் திருப்பிப் படுக்க வைப்பதும் குடும்பமோ, குடும்பம் கூலிக்கு வைக்கும் ஆளோ செய்கிற வேலை. நம்மூர் அரசு மருத்துவமனை மாதிரிதான். நர்ஸ் போதாத இடத்தை உறவினர் நிரப்பிக்கொண்டிருந்தார். மெர்ஸ் அதைப் பளிச்சென்று காட்டியது. உறவினர் தங்காமல் நர்சுகளே முழுப் பராமரிப்பும் செய்யும் வார்டுகள் அதன் பிறகு விரிவாயின. ஆய்விதழ்களில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? ‘புதிய தொற்று வந்தால் நோயாளியைக் கவனிப்பீர்களா’ என்று மாணவிகளின் உத்தேசத்தை அளக்கும் தாள்கள். கோவிடிலும் அதே. 2020 மார்ச்சில் தேகு நகரம் தத்தளித்தபோது, ராணுவ நர்சிங் அகாதமியில் அன்றுதான் பட்டம் வாங்கிய 75 இளம் அதிகாரிகள், பதவியேற்பு விழாவை முன்தள்ளி முடித்துவிட்டு, நேரே அங்கே போனார்கள். உத்தேசத்தை யாரும் ஐந்து கட்டங்களில் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

2024இல் நிலைமை இன்னும் வினோதமானது. மருத்துவக் கல்லூரி இடங்களை 2,000 கூட்டுவதை எதிர்த்து பிப்ரவரியில் பயிற்சி டாக்டர்கள் வெளியேறினார்கள். பெரிய மருத்துவமனைகளின் வருமானம் சரிய, புதிய நர்ஸ் நியமனம் நின்றது. அதே ஆண்டில்தான் நர்சிங் இடங்களை இன்னும் 1,000 கூட்ட முடிவானது. வெளியேறிய டாக்டர்களின் வேலையில் ஒரு பகுதியை ஏற்கெனவே சட்டத்தின் நிழலில் செய்துகொண்டிருந்த நர்சுகள்தான் தாங்கினார்கள். 2023இல் குடியரசுத் தலைவர் தடுத்து நிறுத்திய நர்சிங் சட்டம், 2024 ஆகஸ்டில் மறுபடி நிறைவேறி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. டாக்டருக்கு உதவும் நர்சுகளின் வேலைக்கு அது சட்டப் பெயர் கொடுத்தது. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது மட்டுமே வேலையாக உள்ள நர்ஸை மருத்துவமனை வைக்க வேண்டும் என்ற ஏற்பாடும் அதற்குச் சற்று முன்பே சட்டமாகியிருந்தது. தே-உம்முக்கு இதுவரை கொடுத்த மருந்துகளில் எனக்கு நம்பிக்கை தருவது இந்த ஒன்று. ஏனென்றால் இது யாருடைய மனத்தையும் திருத்தப் பார்க்கவில்லை. கற்றுக்கொடுப்பவளின் தலையிலிருந்து 12 நோயாளியை இறக்கி வைக்கிறது.

அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொரியாவிடம் ஆள்பலமும் பழக்கமும் இருக்கின்றன. 2013இல் தொடங்கிய கொரிய நர்சுகள் உடல்நல ஆய்வு, 20,000க்கு மேற்பட்ட பெண் நர்சுகளைப் பின்தொடர்கிறது. நைட் டியூட்டி, கருத்தரிப்பு, தூக்கம் என்று அது கேட்பவை எல்லாம் வேலை உடம்பில் பதிக்கும் தடங்கள். வார்டில் ஆள் குறையுமே என்று வரிசை வைத்துக் கர்ப்பமாகும் ‘கர்ப்ப முறை’ வழக்கம் இருந்த தொழிலில் அந்தக் கேள்விகளுக்கு அவசியம் உண்டு. அதே மாதிரி, மூன்றாம் ஆண்டு மாணவியை எடுத்து, அவள் எந்த வார்டில் 1,000 மணி நேரம் நின்றாள், அங்கே ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி, அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளுக்கு அன்று எத்தனை நோயாளி, இரண்டு வருடம் கழித்து அவள் வேலையில் இருக்கிறாளா என்று தொடர்ந்து எழுதினால் போதும். மாணவியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஏழெட்டுக்கு மேல் வராது. மீதி எல்லாம் மருத்துவமனையின் டியூட்டி ரோஸ்டரில் இருக்கிறது, அதை வாங்குவதுதான் கஷ்டம்.